படகும் படிப்பும்: மனித மூலதனம் என்றால் என்ன?

வடசென்னைக் காசிமேட்டில் மீன் ஏலம் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போயிருந்தேன். மாலையில் என்னிடம் டியூஷனுக்கு வரும் ஒன்பதாம் வகுப்புப் பையன் அங்கே ஐஸ் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தான். கொஞ்ச தூரத்தில் அவன் அம்மா சங்கராவைக் கூறு போட்டு வைத்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். அப்புறம் சுற்றி வளைக்காமல் கேட்டார்: "இவன் இங்க வந்தா ஒரு நாளைக்கு நானூறு ரூபா பாக்குறான் மிஸ். படிச்சா இன்னா கிடைக்கும்? எப்போ கிடைக்கும்? நீங்களே சொல்லுங்க."

அங்கே நின்றபடி நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. வண்ணாரப்பேட்டைக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் அதே யோசனை. நிதானமாக உட்கார்ந்து பேச நேரம் கிடைத்திருந்தால் அவரிடம் என்ன சொல்லியிருப்பேனோ, அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நாட்டின் பொருளாதாரத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்ன தொடர்பு என்ற பெரிய கேள்வி அந்தச் சின்னக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. பொருளாதாரம் படிக்காதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் காசிமேட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதலில் மூலதனம் என்ற சொல். ஒரு படகு மூலதனம். வலையும் இன்ஜினும்கூட மூலதனம்தான். இன்றைக்கே செலவழித்திருக்கக்கூடிய பணத்தைச் செலவழிக்காமல் ஒரு படகில் போட்டால், அது பல வருஷத்துக்கு மீன் கொண்டு வரும். காசு இன்றைக்குப் போகும், பலன் நாளைக்கு வரும். நடுவில் தேய்மானம் உண்டு, பழுது பார்க்கும் செலவும் உண்டு.

இப்போது அந்தப் படகை ஓட்டும் டிரைவரைப் பாருங்கள். நல்ல மீன் கிடைத்த இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்து வைக்கத் தெரிந்தவர். எக்கோ சவுண்டர் திரையைப் பார்த்து அடியில் இருப்பது மீன் கூட்டமா பாறையா என்று சொல்லத் தெரிந்தவர். இன்ஜின் சத்தம் மாறினாலே எங்கே கோளாறு என்று பிடித்துவிடுவார். அதே படகையும் அதே அளவு டீசலையும் ஒன்றும் தெரியாத என்னிடம் கொடுத்தால் வெறும் படகுதான் திரும்பி வரும். அதுகூட நிச்சயமில்லை. ஆக, படகில் இல்லாத ஏதோ ஒன்று அந்த டிரைவரிடம் இருக்கிறது. அதுவும் சும்மா வந்துவிடவில்லை. அவர் சின்ன வயதில் பல வருஷம் குறைந்த கூலிக்கு வேலை பார்த்துக் கற்றுக்கொண்டது, யாரோ பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தது. நேரத்தையும் காசையும் போட்டு உண்டாக்கியது, பின்னாளில் பலன் தருவது, பயன்படுத்தாமல் விட்டால் துருப்பிடிப்பது. படகுக்குச் சொன்ன எல்லாம் இதற்கும் பொருந்துகிறது. இதற்குத்தான் மனித மூலதனம் என்று பெயர்.

இந்தக் கருத்தை 1960களில் பொருளாதாரத்தின் நடுவே கொண்டுவந்து நிறுத்தியவர்கள் தியோடர் ஷுல்ட்ஸ், கேரி பெக்கர் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள். ஷுல்ட்ஸுக்கு 1979இலும் பெக்கருக்கு 1992இலும் நோபல் பரிசு கிடைத்தது. மனிதனை இயந்திரத்தோடு சேர்த்துக் கணக்குப் பார்ப்பதா என்று அப்போதே எதிர்ப்பு கிளம்பியது. பிள்ளைகள் படிப்பதற்குச் சம்பளம் ஒன்றுதான் காரணமா என்ற உறுத்தல் எனக்கும் உண்டு. ஆனாலும் அந்த அம்மா கேட்டது சம்பளத்தைப் பற்றி. அதற்குக் கணக்காகப் பதில் சொல்வதுதான் அவருக்குத் தரும் மரியாதை.

ஒரு நாட்டின் வருமானத்தைப் பெருக்க, உழைக்கும் கைகளைக் கூட்டலாம். அல்லது ஒவ்வொரு கையும் ஒரு மணி நேரத்தில் செய்து முடிப்பதைக் கூட்டலாம். இரண்டாவதற்கு உற்பத்தித்திறன் என்று பெயர். கைகளைக் கூட்டுவதற்கு ஓர் எல்லை உண்டு. நல்ல இயந்திரம் வாங்கலாம், ஆனால் அதை இயக்க ஆள் வேண்டும். தென்கொரியா 1960களின் தொடக்கத்தில் மிக ஏழை நாடு. பூமிக்கடியில் எண்ணெய் இல்லை, பெரிய கனிம வளமும் இல்லை. ஆனால் அதற்குள்ளேயே அநேகமாக எல்லாப் பிள்ளைகளையும் தொடக்கப் பள்ளிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பின்னால் தொழிற்சாலைகள் வந்தபோது, எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளர்கள் தயாராக இருந்தார்கள்.

சரி, படித்தால் கூலி கூடும் என்பது நிஜமா? உலகின் பல நாடுகளின் கணக்குகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், கூடுதலாகப் படித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் சம்பளம் சராசரியாக 9 சதவீதம் அளவுக்குக் கூடியிருப்பதாகச் சொல்கிறார்கள். உடனே ஒரு சந்தேகம் வர வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளைகள்தானே நிறையப் படிக்கிறார்கள்? வசதியான வீட்டுப் பிள்ளைகள்தானே கல்லூரி வரை போகிறார்கள்? அவர்கள் படிக்காமல் இருந்திருந்தாலும் நன்றாகச் சம்பாதித்திருப்பார்களோ?

இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க ஒரு நல்ல வாய்ப்பு இந்தோனேசியாவில் கிடைத்தது. எண்ணெய் விலை ஏறி அரசின் கையில் பணம் சேர்ந்த நேரம். 1973 முதல் ஐந்தாறு வருஷத்துக்குள் அந்த அரசு 61,000க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளைக் கட்டியது. பள்ளி சேராத பிள்ளைகள் அதிகம் இருந்த பகுதிகளுக்கு அதிகப் பள்ளிகள் கிடைத்தன. எஸ்தர் டுஃப்லோ என்ற பொருளாதார அறிஞர் 1995ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை எடுத்துக்கொண்டு, பள்ளிகள் வந்தபோது சேரும் வயதில் இருந்தவர்களையும், அந்த வயதைத் தாண்டிவிட்டிருந்த கொஞ்சம் மூத்தவர்களையும் ஊர் ஊராக ஒப்பிட்டார். ஊர் அதே ஊர், மக்கள் அதே மக்கள். பள்ளி கிடைத்ததா இல்லையா என்பதுதான் பெரிய வித்தியாசம். பள்ளிகள் அதிகம் வந்த பகுதிகளில் இளையவர்கள் கூடுதலாகப் படித்திருந்தார்கள், கூலியும் கூடுதலாக வாங்கினார்கள். கெட்டிக்காரத்தனத்தையும் வீட்டு வசதியையும் கழித்த பிறகும் படிப்புக்கென்று ஒரு பலன் நின்றது. டுஃப்லோ 2019இல் அபிஜித் பானர்ஜி, மைக்கேல் கிரெமர் ஆகியோரோடு நோபல் பரிசு பெற்றார்.

அந்த இரண்டு ஆண்டுகளை மட்டும் இன்னொரு தடவை பாருங்கள். செங்கல் வைத்தது 1973. பலனை அளந்தது 1995. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

படிப்பிலும் இரண்டு வகை உண்டு. பெக்கர் சொன்னவற்றில் எனக்கு மிகவும் உதவியது இதுதான். ஓர் இடத்தில் மட்டும் செல்லுபடியாகும் திறமை ஒன்று, எங்கே போனாலும் கூட வரும் திறமை இன்னொன்று. பெரம்பூர், புளியந்தோப்புப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பி அண்ட் சி மில் என்று நாம் சொல்லும் பக்கிங்காம் அண்ட் கர்நாடிக் மில், நூறு வருஷத்துக்கும் மேல் இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் அந்தத் தொழிலாளர்களை வைத்துத்தான் உருவானது. 1996இல் மில் மூடப்பட்டது. ஒரு குறிப்பிட்ட தறியை முப்பது வருஷம் ஓட்டியவரின் விரல்களில் இருந்த நுணுக்கத்துக்கு மறுநாள் காலை வெளியே என்ன விலை? அந்தத் தறி இருக்கும்வரைதான் அதற்கு மதிப்பு. அதே மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர் என்றால் மோட்டார் எங்கே ஓடுகிறதோ அங்கே போகலாம். கணக்குப் பிள்ளையாக இருந்தவருக்குக் கடை கடையாக வேலை உண்டு.

துறைமுகத்திலும் இதே கதைதான். மூட்டை தூக்கும் முதுகுகளை நம்பியிருந்த இடத்தில் 1983இல் கண்டெய்னர் முனையம் வந்தது. கிரேன் இயக்கவும், சரக்குப் பட்டியலைப் படிக்கவும், கணினியில் பதியவும் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். அடுத்த மாற்றம் என்ன வடிவத்தில் வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் பத்து, பன்னிரண்டு வருஷப் பொதுக்கல்வியை, அதாவது வாசிப்பு, கணக்கு, ஒன்றைப் புதிதாகக் கற்றுக்கொள்ளும் பழக்கம் ஆகியவற்றை, அவசரப்பட்டு ஒரு தொழில் பயிற்சிக்காக விட்டுக்கொடுத்துவிடக் கூடாது என்று நான் சொல்கிறேன். தொழில் பயிற்சி கட்டாயம் வேண்டும். ஆனால் அது அந்த அடித்தளத்தின் மேல் வர வேண்டும்.

இனி அந்த நானூறு ரூபாய்க்கு வருவோம். அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை. புத்தகம் இலவசம். அப்படியானால் படிப்புக்குச் செலவே இல்லையா? உண்டு. அவன் பள்ளியில் இருக்கும் ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வராமல் போகும் அந்த நானூறு ரூபாய்தான் செலவு. இதை வாய்ப்புச் செலவு என்பார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால் கையை விட்டுப் போவதன் மதிப்பு. வசதியான வீட்டில் இந்தச் செலவு உறைக்காது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பள்ளி திறப்பதும் ஜூனில்தான். வீட்டில் காசு மிகவும் வற்றியிருக்கும் நேரத்தில்தான் புதுப் படிப்பு வருஷம் பிறக்கிறது. அப்போது பிள்ளைகள் படிப்பை விட்டு நின்றால் பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

கடன் வாங்கிச் சமாளிக்கலாமே என்றால், அங்கேயும் சிக்கல் இருக்கிறது. படகு வாங்க வங்கி கடன் கொடுக்கும். தவணை தவறினால் படகை எடுத்துக்கொள்ளலாம். ஒன்பதாவது படிக்கும் பையனின் மூளையை யாரும் அடமானம் பிடிக்க முடியாது. அதனால் நல்ல பலன் தரக்கூடிய முதலீடாக இருந்தும், ஏழைக் குடும்பம் தன் பணத்தில் அதைச் செய்ய முடியாமல் போகிறது. நாட்டுக்கும் அது நஷ்டம். படித்தவரின் பலன் அவர் வீட்டோடு நிற்பதும் இல்லை. ஒரு பெண் படித்தால் அவள் குழந்தைகளின் உடல்நலம் முன்னேறுகிறது. கூடவே வேலை செய்பவர்களும் அவளிடமிருந்து கற்கிறார்கள், அரசுக்கு வரியும் வருகிறது. இப்படிப் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் போய்ச் சேரும் பலனைப் புறவிளைவு என்பார்கள். பள்ளிக்கூடத்துக்கு அரசு ஏன் செலவு செய்ய வேண்டும் என்பதற்கு அடிப்படைக் காரணங்கள் இவைதான்.

இதை நம் ஊர் ரொம்பச் சீக்கிரமே புரிந்துகொண்டது என்பதில் எனக்குப் பெருமை. பழைய வண்ணாரப்பேட்டையில் சர் தியாகராயா கல்லூரி இருக்கிறதே, அந்தப் பெயருக்குரிய பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கப்பட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்று தீர்மானம். பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது. அந்தப் பள்ளிகளில் 1922-23இல் 811ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25இல் 1,671 ஆனது. தொடக்கக் கல்வி நிதியைச் சாப்பாட்டுக்குச் செலவிடக் கூடாது என்று அன்றைய அரசு சொல்லிவிட்டதால் 1925இல் திட்டம் நின்றுபோனது. மேலே சொன்ன வாய்ப்புச் செலவு என்ற சொல் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு வேளைச் சோறு வீட்டின் சுமையைக் குறைக்கும், பிள்ளை பள்ளிக்கு வரும் என்பது தெரிந்திருந்தது. காமராஜர் 1956இல் மதிய உணவைக் கொண்டுவந்தார், எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவாக விரித்தார், 2022இல் காலை உணவும் சேர்ந்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும் இதே வழியில் வந்தவைதான். 2021-22ஆம் ஆண்டுக் கணக்குப்படி, உயர்கல்விக்குப் போகும் வயதில் இருப்பவர்களை வைத்துப் பார்க்கும் சேர்க்கை விகிதம் இந்திய அளவில் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம்.

ஆனால் பள்ளிக்கு வருவது வேறு, கற்றுக்கொள்வது வேறு. இந்த இடத்தில்தான் நாம் இன்னும் தடுமாறுகிறோம். கிராமப்புறப் பிள்ளைகளிடம் வருஷக்கணக்காக நடந்துவரும் அசர் ஆய்வில், இந்தியா முழுவதும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசிக்க முடிகிறது. மற்றப் பாதிப் பேருக்கு, உட்கார்ந்த வருஷங்களை எண்ணினால் ஐந்து. கைக்கு வந்த படிப்பை எண்ணினால் இரண்டுகூட இல்லை. எரிக் ஹனுஷெக் போன்ற பொருளாதார அறிஞர்கள் பல நாடுகளை ஒப்பிட்டுக் காட்டியதும் இதைத்தான்: பொருளாதார வளர்ச்சி, பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்த வருஷங்களைவிட, உண்மையில் என்ன கற்றார்கள் என்பதோடுதான் நெருக்கமாகச் சேர்ந்து போகிறது.

எங்கள் டியூஷனில் நடந்ததைச் சொல்கிறேன். அதே பையன். சங்கரா கிலோ 260 ரூபாய் என்றால் இரண்டரை கிலோவுக்கு என்ன ஆகும் என்று காசிமேட்டில் யாராவது கேட்டால், "ரெண்டு கிலோ ஐநூத்தி இருபது, அரைக்கு நூத்தி முப்பது, அறுநூத்தி அம்பது" என்று மூச்சு விடாமல் சொல்லி, எழுநூறுக்கு மீதி ஐம்பதையும் எடுத்துக் கொடுப்பான். அதையே 260 பெருக்கல் 2.5 என்று நோட்டில் எழுதிக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பென்சிலைக் கடித்துவிட்டு 6,500 என்று விடை எழுதினான். புள்ளியை விட்டுவிட்டான், விட்டது அவனுக்கு உறைக்கவும் இல்லை. "உங்க அம்மா ரெண்டரை கிலோவை ஆறாயிரத்து ஐநூறுக்கு வித்தாங்களாடா?" என்றேன். ஒரு நொடி முழித்தான். அப்புறம் அவனே சிரித்துக்கொண்டு புள்ளியை வைத்தான்.

பானர்ஜியும் டுஃப்லோவும் மற்றவர்களும் டெல்லி, கொல்கத்தா சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் இதைத்தான் பெரிய அளவில் பார்த்தார்கள். 2025இல் வெளியானது அந்த ஆய்வு. வியாபாரக் கணக்கை மனதிலேயே போடும் பிள்ளைகள் பள்ளிக் கணக்கில் திணறினார்கள். பள்ளிக் கணக்கு நன்றாகப் போடும் பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். ஆக, எங்கள் பையனிடம் மூலதனம் ஏற்கெனவே இருக்கிறது. அதை நோட்டுக்குக் கொண்டுவரும் பாலத்தை யாரும் கட்டித் தரவில்லை. நல்ல கல்வி முறை என்பதில் கட்டடமும் ஸ்மார்ட் போர்டும் முக்கியம்தான். என்னைக் கேட்டால், பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கிருந்து ஆரம்பிக்க ஆசிரியருக்கு நேரமும் பயிற்சியும் கொடுப்பதைத்தான் முதலில் வைப்பேன்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எங்கள் தெருவிலேயே பொறியியல் முடித்துவிட்டு உணவு டெலிவரி செய்யும் தம்பிகள் இருக்கிறார்கள். "படிச்சு என்ன பிரயோஜனம்" என்று அவர்களைக் காட்டித்தான் கேட்பார்கள். படிப்பு திறமையைக் கூட்டும் என்பது ஒரு பார்வை. பட்டம் என்பது முதலாளிக்குக் காட்டும் அடையாளம் மட்டுமே என்பது மைக்கேல் ஸ்பென்ஸ் என்ற பொருளாதார அறிஞர் முன்வைத்த பார்வை. எல்லோர் கையிலும் அதே அடையாளம் இருந்தால் அதற்கு மதிப்புக் குறைந்துவிடும். இரண்டிலும் உண்மை உண்டு என்றே நினைக்கிறேன். பெயருக்குக் கொடுத்த பட்டம் அடையாளமாகவே நின்றுவிடும். நிஜமாகவே திறமை உள்ள பிள்ளைக்கும் அதைப் பயன்படுத்த ஒரு வேலை வேண்டும். ஓட்டத் தெரிந்த டிரைவர் இருந்தும் படகு இல்லையென்றால் மீன் வராது.

வடசென்னையின் பழைய வரலாற்றில் இதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, நம் வாயில் ஐ.சி.எஃப்., 1955இல் திறக்கப்பட்டது. திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை வந்ததும் 1955இல்தான். எண்ணூரில் லாரி தயாரிப்பு வளர்ந்துகொண்டிருந்தது. அடுத்த வருஷம் 1956இல் மதிய உணவு. ஒரு பக்கம் பிள்ளைகள் பள்ளிக்குள் வந்தார்கள், இன்னொரு பக்கம் பிட்டரும் வெல்டரும் கணக்கரும் வேண்டும் என்று தொழிற்சாலைகள் கேட்டன. படித்த ஆள் இருப்பதால் தொழில் வருகிறது, தொழில் இருப்பதால் வீட்டில் "படிடா" என்கிறார்கள். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போக வேண்டும். ஒன்று நின்றால் மற்றதும் நின்றுவிடும். இன்று பெரிய வேலைகள் தென்சென்னையின் ஐடி சாலையிலும் தொலைவில் உள்ள ஒரகடத்திலும் குவிந்திருக்கின்றன. வியாசர்பாடியிலிருந்து ஒரு பெண் தினமும் அங்கே போய் வர ஆகும் நேரமும் செலவும்கூட கல்விக் கொள்கைக்குள் வர வேண்டிய விஷயங்கள்தான்.

உடல்நலமும் மனித மூலதனத்தில் ஒரு பாதி. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் கழிமுகத்தில் படிந்தது. அதே மாதம் அமோனியா வாயுவும் கசிந்தது. மூச்சுத் திணறலோடு பிள்ளை வகுப்பில் உட்கார்ந்தால் எந்தப் பாடத்திட்டமும் உதவாது.

1973க்கும் 1995க்கும் திரும்புகிறேன். பள்ளி கட்டியதற்கும் பலனை அளந்ததற்கும் நடுவில் இருபத்திரண்டு வருஷம். இவ்வளவு தெளிவான விஷயத்தைச் செய்வதற்கு ஏன் இத்தனை தயக்கம்? கல்வியைப் பற்றி ஆராய அரசு அமைத்த கோத்தாரி குழு 1966இலேயே நாட்டு வருமானத்தில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்கச் சொன்னது. 2020 தேசியக் கல்விக் கொள்கையும் அதே 6 சதவீதத்தைத்தான் சொல்கிறது. இன்னும் அந்த அளவை எட்டவில்லை. மேம்பாலம் கட்டினால் மூன்று வருஷத்தில் ரிப்பன் வெட்டலாம். இன்று ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளை சம்பாதிக்கத் தொடங்கப் பதினைந்து வருஷம் ஆகும். அதற்குள் மூன்று தேர்தல் வந்து போய்விடும். அதனால் இதற்கான அழுத்தம் பெற்றோரிடமிருந்தும், தெருவிலிருந்தும், வார்டு கூட்டங்களிலிருந்தும் விடாமல் வர வேண்டியிருக்கிறது.

போன வாரம் அந்த அம்மா பையனைக் கூப்பிட்டுப் போக வந்திருந்தார். அவருடைய இரண்டு கேள்விகளுக்கும் இந்தக் கணக்கையெல்லாம் முடிந்தவரை எளிதாகச் சொன்னேன். நாலைந்து வருஷம் பொறுக்க வேண்டியிருக்கும், அதற்குள் அவன் பத்தாவது முடித்து ஒரு தொழிலையும் முறையாகக் கற்றுவிடலாம், இன்ஜின் மேல் அவனுக்கு இருக்கும் ஆசைக்கு தொழிற்பயிற்சி நிலையமான ஐடிஐயில் டீசல் மெக்கானிக் படிப்பு சரியாக வரும் என்றேன். மறைக்காமல் இன்னொன்றும் சொன்னேன்: உடனே நானூறு ரூபாய்க்கு மேல் வரும் என்று நான் உறுதி கொடுக்க முடியாது, போகப் போகத்தான் வித்தியாசம் தெரியும். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த ஐடிஐ எப்படி இருக்குன்னு ஒரு தபா பாக்கலாமா மிஸ்?" என்றார். விசாரித்து வைக்கிறேன், வருகிற வியாழக்கிழமை காலை பையனை அழைத்துக்கொண்டு போகலாம் என்றேன். வியாழக்கிழமை ஏலம் இருக்குமே என்று கேட்டதற்கு, "ஒரு நாள் மீனு போனா போகுது, நானும் வரேன்" என்றார்.